ஸ்மார்ட் ப்ளக் பாயிண்ட் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்

நான் வாங்கிய முதல் ஸ்மார்ட் சாக்கெட், அதாவது போனிலிருந்தே போட்டு அணைக்கும் ப்ளக் பாயிண்ட், இரண்டு வருடம் மேசை டிராயரில் தூங்கியது. கெட்டுப்போகவில்லை. சுவரில் இருந்த பெட்டிக்குள் அது நுழையவில்லை, அவ்வளவுதான். ஐந்து மில்லிமீட்டர் இடித்தது. ஆப் எப்படி இருக்கும், குரல் கொடுத்தால் கேட்குமா, எத்தனை டைமர் வைக்கலாம் என்றெல்லாம் மூன்று இரவு உட்கார்ந்து படித்தவனுக்கு, பழைய பிளேட்டில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே ஒரு ஸ்கேலை விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் ஆப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். ஸ்மார்ட் சாக்கெட் முதலில் ஒரு சாக்கெட். கரண்ட் அதன் வழியாகத்தான் போய்வர வேண்டும். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அதற்குப் பிறகு. வாங்கும்போதும் அந்த வரிசையிலேயே பார்த்தால் டிராயரில் இடம் மிச்சமாகும்.

1. சுவரில் பதிப்பதுதான் வேண்டுமா?

ஸ்மார்ட் ப்ளக் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சாமான்கள் விற்கின்றன. இருக்கும் பாயிண்டில் சொருகி, அதன்மேல் கருவியின் ப்ளக்கைச் சொருகுவது ஒன்று. பழைய சாக்கெட்டையே கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருத்துவது இன்னொன்று. மூன்றாவது, தீப்பெட்டி அளவுள்ள ரிலே மாட்யூல் (ரிலே என்பது மின்சாரமே போட்டு அணைக்கும் சுவிட்ச்). இதில் வெளியே தெரியும் சாக்கெட் பழையதேதான். மாட்யூல் அதற்குப் பின்னால் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும்.

வாடகை வீடென்றால் யோசிக்கவே வேண்டாம், சொருகும் வகை போதும். வீடு மாறும்போது பிடுங்கிக்கொண்டு போகலாம். அதன் தொல்லை, வெளியே துருத்திக்கொண்டு நிற்பது. பக்கத்துத் துளையை மறைக்கும், பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போட முடியாது, குழந்தைகள் உருவி எடுப்பார்கள். சொந்த வீட்டில், நிரந்தரமாக ஒரே இடத்தில் நிற்கும் கருவிக்குத்தான் சுவரில் பதிக்கும் வகை பொருந்தும். மாட்யூல் வகையை வீட்டின் தோற்றத்தை மாற்ற விரும்பாதவர்கள் எடுக்கலாம், ஆனால் பெட்டிக்குள் இடம் தாராளமாக இருக்க வேண்டும்.

கூரை விளக்குக்கும் ஃபேனுக்கும் இவற்றில் முதல் இரண்டும் ஆகாது. அவற்றுக்கு ஸ்மார்ட் சுவிட்சோ, சுவிட்சுக்குப் பின்னால் போகும் மாட்யூலோ வேண்டும், அது தனிக் கதை.

2. எதை ஓட்டப் போகிறீர்கள்?

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். மாட்டப் போகும் கருவியைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளைப் படியுங்கள். வாட் போட்டிருக்கும். அதை உங்கள் வீட்டு வோல்டேஜால் வகுத்தால் ஆம்பியர் வரும். 230 வோல்ட் வீட்டில் 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 120 வோல்ட் வீட்டில் 1500 வாட் ஹீட்டரே 12.5 ஆம்பியர் கேட்கும். ஆகவே "10 ஆம்பியர் சாக்கெட்" என்பதற்கு இரண்டு ஊரிலும் ஒரே அர்த்தம் கிடையாது: 230 வோல்ட் வீட்டில் 2300 வாட், 120 வோல்ட் வீட்டில் 1200 வாட். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்து கொடுத்தால் ஆம்பியரோடு வோல்டேஜையும் பார்க்க வேண்டும்.

கணக்கு சரியாக வந்தாலும் விளிம்பில் ஓட்டாதீர்கள். மணிக்கணக்காக ஓடும் லோடுக்கு, சாக்கெட்டின் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். 16 ஆம்பியர் என்றால் 13-க்குள். ஸ்மார்ட் சாக்கெட்டுக்கு இது இன்னும் முக்கியம். சாதாரண சாக்கெட்டில் பித்தளைத் தகடு மட்டும்தான் இருக்கிறது. இதில் ரிலேயும் எலக்ட்ரானிக்ஸும் அடைபட்டுக் கிடக்கின்றன, சூடு வெளியேற வழி குறைவு.

அடுத்து, லோடின் குணம். ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி மாதிரியானவை சாது. போட்ட நொடியிலிருந்து அணைக்கும்வரை ஏறக்குறைய ஒரே அளவு கரண்டைத்தான் எடுக்கும். மோட்டார் அப்படியில்லை. நின்றுகொண்டிருக்கும் மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். எல்இடி விளக்குகளின் பவர் சப்ளைகளும் போட்ட கணத்தில் ஒரு வெட்டு வெட்டும். அந்த வெட்டில் ரிலேயின் இரண்டு முனைகளும் உருகி ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை நேரில் பார்த்தேன். ஆப்பில் பட்டன் சாம்பல் நிறத்துக்கு மாறி 'ஆஃப்' என்று காட்டுகிறது, பக்கத்து அறையில் பம்ப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இருபது தடவை அமுக்கினேன். கடைசியில் எம்சிபியை (மின் பலகையில் அந்த லைனுக்கான பாதுகாப்புச் சுவிட்சை) இறக்கித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

ஆகவே பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும் 16 ஆம்பியரை மட்டும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் ஹீட்டர் மாதிரியான லோடுக்குச் சொல்லப்பட்டது. உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் மோட்டார் லோடுக்குத் தனி எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அது கணிசமாகக் குறைவாக இருக்கும். எண்ணே கொடுக்கவில்லையா, அதை மோட்டாருக்கு வாங்காதீர்கள். தண்ணீர் பம்ப், ஏசி போன்ற பெரிய லோடை ஆட்டோமேஷனில் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால், நடுவில் ஒரு கான்டாக்டர் (பெரிய லோடைத் தாங்கும் கனத்த ரிலே) போடச் சொல்லுங்கள். ஸ்மார்ட் கருவி அந்தக் கான்டாக்டரை இழுக்கும் சின்னக் காந்தச் சுருளை (காயில்) மட்டும் இயக்கும், பாரத்தைக் கான்டாக்டர் சுமக்கும்.

இரட்டைச் சாக்கெட்டில் ஒரு கேள்வி கூடுதல். இரண்டையும் தனித்தனியாக அணைக்க முடியுமா? ஆம்பியர் ஒவ்வொன்றுக்குமா, இரண்டுக்கும் சேர்த்தா? பெரும்பாலும் சேர்த்துத்தான்.

3. சுவருக்குள் என்ன இருக்கிறது?

எம்சிபியை இறக்குங்கள். டெஸ்டரை வைத்துப் பாருங்கள். டெஸ்டரையே முதலில் கரண்ட் இருக்கும் இன்னொரு பாயிண்டில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பிளேட்டைக் கழற்றுங்கள். இதில் எதிலாவது தயக்கம் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது நல்லது. வீட்டு வயரிங்கில் உரிமம் உள்ளவர்தான் கைவைக்கலாம் என்று சட்டமே சொல்லும் நாடுகளும் உண்டு.

உள்ளே பார்க்க வேண்டியவை இவை. முதலில் ஆழம்: பெட்டியின் பின்சுவரிலிருந்து விளிம்புவரை. சுருண்டு கிடக்கும் வயர்களும் இடம் எடுக்கும் என்பதை மறக்காதீர்கள். வாங்கப் போகும் சாக்கெட் சுவருக்குள் போகும் ஆழத்தை அதன் விவரக்குறிப்பில் பார்த்து, வயருக்கென்று ஒரு சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். வயரை மடக்கி அமுக்கித் திணித்து ஸ்க்ரூவை முடுக்கினால் இன்றைக்கு மூடிவிடும். பின்னொரு நாள் ஏதாவது ஒரு முனை நழுவும்.

அடுத்தது வயர்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு முனையிலும் ஒரே வயர்தான் வருகிறதா, இரண்டா? பல வீடுகளில் ஒரு சாக்கெட்டிலிருந்தே அடுத்த சாக்கெட்டுக்கு லூப் போயிருக்கும். சில ஸ்மார்ட் சாக்கெட்டுகளின் முனை ஒரு வயருக்கு மேல் ஏற்காது. அப்போது தனிக் கனெக்டர் வைத்துப் பிரிக்க வேண்டும், அதற்கும் பெட்டியில் இடம் வேண்டும். வயரின் நிறம் மாறிப் பழுப்பேறிப்போயோ, தோல் கெட்டித்தட்டிப்போயோ இருந்தால் அங்கே ஏற்கெனவே சூடு ஏறியிருக்கிறது. ஸ்மார்ட்டை மறந்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஒரு நல்ல செய்தி: ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டுபவர்களைப் பாடாய்ப் படுத்தும் நியூட்ரல் பிரச்சினை (சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயரே வந்திருக்காது) இங்கே கிடையாது. சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் எப்போதும் இருக்கும். எர்த் மட்டும் வந்திருக்கிறதா, வயர் மட்டும் தொங்கிக்கொண்டு இணைப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி இரும்பா பிளாஸ்டிக்கா? இரும்புப் பெட்டி ரேடியோ சிக்னலை மறைக்கும். இரும்புப் பெட்டிக்குள் முழுவதுமாகப் புதைந்துபோகும் மாட்யூல் வகைக்கு இது பெரிய தலைவலி. முகப்பு வெளியே தெரியும் சாக்கெட்டுக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை.

இன்னொன்று, பல வழிகாட்டிகளில் இருக்காது. பாயிண்டுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கும் வீடு என்றால், வீட்டில் யாராவது போகிறபோக்கில் அந்தச் சுவிட்சை அணைப்பார்கள். அணைத்தால் சொருகும் வகை ஸ்மார்ட் ப்ளக் செத்தது; ஆப்பில் 'இணைப்பில் இல்லை' என்று வரும். ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். இருபது வருடப் பழக்கத்தை ஸ்டிக்கர் மாற்றாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு, சுவிட்சும் சாக்கெட்டும் சேர்ந்தே ஸ்மார்ட்டாக இருக்கும் முழு போர்டு, இல்லையென்றால் அந்தச் சுவிட்சையே உள்ளீடாக எடுத்துக்கொள்ளும் மாட்யூல், இரண்டில் ஒன்றுதான் சரி. யார் சுவிட்சைத் தட்டினாலும் மாட்யூல் உயிரோடு இருக்கும்.

4. கரண்ட் போய்த் திரும்பி வந்தால்?

விளம்பரத்தில் வராத, ஆனால் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் அம்சம் இது. கரண்ட் போய்வந்ததும் சாக்கெட் எந்த நிலையில் கண்விழிக்கும்? எப்போதும் ஆன், எப்போதும் ஆஃப், போகும்போது இருந்த நிலை, இந்த மூன்றில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கும் வசதி இருக்க வேண்டும். இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள்.

நீங்கள் ஊரில் இல்லை. நள்ளிரவில் கரண்ட் போய் வருகிறது. அறை ஹீட்டர் மாட்டிய சாக்கெட் 'எப்போதும் ஆன்' என்ற நிலையில் எழுந்தால்? அதே இடத்தில் மீன்தொட்டியின் காற்றுப் பம்ப் மாட்டிய சாக்கெட் 'எப்போதும் ஆஃப்' என்று எழுந்தால்? ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதல். சூடாகும் எதற்கும் ஆஃப். நின்றால் நஷ்டம் என்பதற்கு ஆன். மேசை விளக்குக்குப் பழைய நிலை.

சில கருவிகளை ஸ்மார்ட் சாக்கெட்டில் மாட்டவே கூடாது. மூச்சுக் கருவி போன்ற மருத்துவச் சாதனங்கள் முதலில். ஃப்ரிட்ஜும் அப்படித்தான், தவறுதலாக அணைந்தால் கதவைத் திறக்கும்வரை தெரியாது. ஃப்ரிட்ஜ் எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்ற அளவீடு மட்டும் வேண்டுமென்றால், அணைக்கும் வசதியைப் பூட்டிவைக்க முடிகிற வகையில் மாட்டலாம். ஆளில்லாத வீட்டில் தூரத்திலிருந்து ஹீட்டரைப் போடுவதும் வேண்டாம். திரைச்சீலை அதன்மேல் விழுந்து கிடக்கிறதா என்று ஆப்பில் தெரியாது.

5. எந்த ரேடியோ?

இங்கே புதியவர்கள் குழம்புவார்கள், ஆனால் விஷயம் சின்னதுதான்.

வைஃபை சாக்கெட்டுக்குத் தனிப் பெட்டி எதுவும் வேண்டாம். வீட்டு ரௌட்டர் போதும். நாலைந்துதான் மாட்டப் போகிறீர்கள் என்றால் இதுவே எளிது. இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும். இணைக்கும்போது போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் சில ஆப்கள் கண்ணாமூச்சி ஆடும். ரௌட்டரில் இரண்டுக்கும் தனிப் பெயர் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் எண்ணிக்கை ஏற ஏற சாதாரண ரௌட்டர்கள் திணறத் தொடங்கும்.

ஜிக்பீ, இசட்-வேவ், த்ரெட் மூன்றும் வலைப்பின்னல் வகை. கரண்டில் நிரந்தரமாக இருக்கும் கருவி, பக்கத்திலிருப்பதன் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். சுவர் சாக்கெட் இந்த வேலைக்கென்றே பிறந்தது மாதிரி. பேட்டரி சென்சார்கள் பல உள்ள வீட்டில் நடுவில் இரண்டு ஜிக்பீ சாக்கெட் வைத்தால் வலை பலப்படும். இவற்றை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்க ஹப் என்ற ஒரு பெட்டி வேண்டும், த்ரெட்டில் அதற்கு பார்டர் ரௌட்டர் என்று பெயர். இசட்-வேவ் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதன் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908. அங்கே வாங்கிய சாக்கெட் இங்கே இருக்கும் ஹப்போடு பேசாது.

மேட்டர் என்பது ரேடியோ அல்ல. வைஃபைக்கும் த்ரெட்டுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் பொதுமொழி. 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வந்தது. மேட்டர் முத்திரை உள்ள சாக்கெட்டை, மேட்டரை ஏற்கும் எந்த கம்பெனியின் செயலியோடும் இணைக்கலாம், ஒரே நேரத்தில் இரண்டு மூன்றோடும் இணைக்கலாம். புதிதாகத் தொடங்குபவர் முத்திரை உள்ளதையே எடுத்தால் பிற்காலத்தில் கை கட்டப்படாது. ஆனால் பெட்டியில் 'மேட்டர்' மட்டும் பார்த்து வாங்காமல், வைஃபை மூலமா த்ரெட் மூலமா என்றும் பாருங்கள். த்ரெட் என்றால் பார்டர் ரௌட்டர் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

6. இன்டர்நெட் இல்லாத நாளில்

2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் நின்றுபோயின. அதை நம்பியிருந்த வீடுகளில் ஆப் வேலை செய்யவில்லை. கருவிகள் கெடவில்லை, கட்டளை கொடுக்கும் இடம்தான் காணாமல் போயிருந்தது. சில மாதங்களில் பயனாளர்கள் சிலரே சேர்ந்து அதை வாங்கி உயிர்ப்பித்தார்கள் என்பது சுவாரஸ்யமான பின்கதை. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

வாங்கும் முன் கேட்க வேண்டியது இது: இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாலும் என் போனிலிருந்து இந்தச் சாக்கெட்டைப் போட்டு அணைக்க முடியுமா? டைமர்கள் சாக்கெட்டுக்குள்ளேயே இருக்கின்றனவா, எங்கோ இருக்கும் சர்வரில் இருக்கின்றனவா? மேட்டர், ஜிக்பீ, இசட்-வேவ் மூன்றும் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். ஹப் சொந்த வீட்டிலேயே முடிவெடுப்பதாக இருந்தால் போதும். வைஃபை வகையில் சிலது வீட்டு நெட்வொர்க்கிலேயே கட்டளை வாங்கும், சிலது ஒவ்வொரு அமுக்கலையும் கண்டம் தாண்டி அனுப்பித் திரும்பப் பெறும். கம்ப்யூட்டர் ஆர்வம் உள்ளவர்கள் ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறமூல மென்பொருளை வீட்டிலேயே ஓட்டி, எல்லாவற்றையும் அதன் கீழ் கொண்டுவரலாம். முதல் வாரமே அதில் குதிக்க வேண்டாம்.

7. வாட் மீட்டர் தேவையா?

கொஞ்சம் காசு கூடினாலும் ஒன்றிரண்டு சாக்கெட்டிலாவது மின் அளவீடு இருக்கட்டும். பில்லைக் குறைக்க அல்ல, கருவி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள. வாஷிங் மெஷின் சுற்றும்போது நூற்றுக்கணக்கில் வாட் ஏறி இறங்கும், முடிந்ததும் நாலைந்து வாட்டுக்குக் கீழே போய் அப்படியே நிற்கும். 'ஐந்து வாட்டுக்குக் கீழே மூன்று நிமிடம் இருந்தால் போனுக்குச் செய்தி அனுப்பு' என்று ஒரு விதி எழுதினால், துணி உள்ளேயே கிடந்து நாறாது. நான் எழுதிய விதிகளிலேயே வீட்டில் பாராட்டு வாங்கியது இது ஒன்றுதான். மூன்று நிமிடம் என்ற பொறுமை முக்கியம். நடுவில் ஊறவைக்கும்போதும் மெஷின் சும்மா இருக்கும், உங்கள் மெஷின் எவ்வளவு நேரம் அப்படி நிற்கிறது என்று வரைபடத்தில் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

'ஸ்டாண்ட்பை கரண்ட் மிச்சம்' என்ற விளம்பரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்மார்ட் சாக்கெட் தானே ஒரு வாட் தின்கிறது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 8760 மணி நேரம், 8.76 யூனிட். அரை வாட் ஸ்டாண்ட்பை உள்ள புது டிவியை அணைக்க ஒரு வாட் தின்னும் சாக்கெட் வைத்தால் யாருக்கு லாபம்? பழைய ஆம்ப்ளிஃபயர், கேம் கன்சோல் மாதிரி சும்மா இருக்கும்போதும் பத்துப் பதினைந்து வாட் இழுப்பவற்றில்தான் மிச்சம் பிடிக்க முடியும்.

8. மாட்டும் நாள்

சுவருக்குள் போகும் முன் சாக்கெட்டைத் திருப்பி, அதன் க்யூஆர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டர் இணைப்புக்கான அந்தக் குறியீடு பல சாக்கெட்டுகளில் பின்பக்கமோ பக்கவாட்டிலோதான் இருக்கும். ரௌட்டர் மாற்றும்போது மறுபடி தேவைப்படும். அன்றைக்கு ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வயர் முனைகளை நன்றாக முடுக்கி, ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது. சாக்கெட்டில் சூடு ஏறும் கதை பெரும்பாலும் தளர்ந்த ஸ்க்ரூவில்தான் ஆரம்பிக்கும். மூடிய பிறகு, அதில் ஓடப்போகும் பெரிய லோடை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு முகப்பைப் புறங்கையால் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியவில்லை என்றாலோ, பிளாஸ்டிக் வாடை வந்தாலோ எம்சிபியை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனுக்கு போன் போடுங்கள்.

பிறகு எம்சிபியை ஒருமுறை இறக்கி ஏற்றுங்கள், நீங்கள் வைத்த நிலையிலேயே விழிக்கிறதா பாருங்கள். இன்டர்நெட்டை அணைத்துவிட்டு ஆன், ஆஃப் செய்து பாருங்கள். சாக்கெட்டின் முகத்திலேயே இருக்கும் பட்டனைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அந்தப் பட்டன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு ராத்திரி கட்டிலில் படுத்தபடியே 'எல்லாவற்றையும் அணை' என்றேன். எல்லாம் அணைந்தது. ரௌட்டர் மாட்டியிருந்த சாக்கெட்டும் சேர்ந்து. அதைத் திரும்பப் போடச் சொல்ல வைஃபை இல்லை. பட்டன் புத்தக அலமாரிக்குப் பின்னால் இருந்தது. ஒன்றரை மணிக்கு அலமாரியிலிருந்து புத்தகங்களை இறக்கி, அதை நகர்த்தி, டார்ச் வெளிச்சத்தில் கையை விட்டுத் துழாவி அமுக்கினேன். ரௌட்டர் இப்போது சாதாரண பாயிண்டில் இருக்கிறது.